எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: ஹேமர்ஃபெல் பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்த் தேக்காவில் தே தாரிக் குடிக்கும்போது கேட்கிறார்கள். முகாமிலிருந்து வார இறுதிக்கு வீடு வரும் தம்பிகள் ரயிலில் இருந்தபடியே செய்தி அனுப்பிக் கேட்கிறார்கள். ஒரே கேள்விகளுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்பது பெதெஸ்டா நிறுவனத்தின் கற்பனை உலகக் கணினி விளையாட்டுத் தொடர்; ஹேமர்ஃபெல் அந்த உலகத்து நாடுகளில் ஒன்று. ஆறாவது ஆட்டம் இன்னும் வரவில்லை. ஆகவே கீழே இருப்பதில் பெரும்பகுதி ஊகம். ஆனால் ஒவ்வொரு ஊகமும் எதன்மேல் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகத் தெரிந்தது என்ன?

மிகக் கொஞ்சம். 2018 ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பெதெஸ்டா தன் நிகழ்ச்சியின் முடிவில் ஒரு குட்டி முன்னோட்டத்தைக் காட்டியது. நமக்கு அது 11ஆம் தேதி திங்கட்கிழமை காலை. பள்ளி விடுமுறை நேரம். மறுநாள் செந்தோசாவில் டிரம்ப்-கிம் சந்திப்பு. ஊரே அதைப் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் சிலர் அரை நிமிடக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலைகள், பாறைச் சரிவுகள், ஓரத்தில் கடல், பழகிய இசை, அதன்பின் தலைப்பு. ஊர்ப்பெயர் இல்லை, ஆளும் இல்லை.

அதன்பின் வந்த செய்திகளையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். தங்கள் விண்வெளி ஆட்டமான ஸ்டார்ஃபீல்டுக்காக உருவாக்கிய கிரியேஷன் எஞ்சின் 2 என்ற மென்பொருள்தான் இதற்கும் என்று 2021இல் சொன்னார்கள். 2023இல் முன்தயாரிப்புக் கட்டத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். 2024 மார்ச்சில், தொடரின் 30ஆம் ஆண்டு நிறைவையொட்டி, ஆரம்பநிலைப் பதிப்புகளைத் தாங்களே விளையாடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். கதை எங்கே நடக்கிறது என்று இவற்றில் எதிலும் ஒரு சொல்கூட இல்லை.

அப்படியானால் எல்லாரும் ஏன் ஹேமர்ஃபெல் என்கிறார்கள்?

சில குறிப்புகள் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. முன்னோட்டத்தின் வறண்ட கடலோரம் ஹேமர்ஃபெல்லுக்கும் அதன் வடக்கே உள்ள ஹை ராக்குக்கும் பொருந்துகிறது. 2020 டிசம்பர் 31 அன்று, கடந்ததை எழுது, வருவதை வரைபடமாக்கு என்ற பொருளில் ஒரு புத்தாண்டு வாழ்த்துடன், தொடரின் ஐந்தாம் ஆட்டமான ஸ்கைரிமின் வரைபடத்தின்மேல் மெழுகுவர்த்திகள் வைத்த படத்தை அதிகாரபூர்வக் கணக்கு வெளியிட்டது. அதில் ஒரு மெழுகுவர்த்தி ஹேமர்ஃபெல் பக்கம் இருந்தது. 2021இல் ஸ்டார்ஃபீல்டு முன்னோட்டத்தில் விண்கலத்துக்குள் ஏதோ கீறல் தெரிய, அதை ஹை ராக்குக்கும் ஹேமர்ஃபெல்லுக்கும் நடுவிலுள்ள இலியாக் விரிகுடாவின் கரைக்கோடு என்றார்கள்.

மெழுகுவர்த்தியையும் கீறலையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மனம் எதைத் தேடுகிறதோ அதைக் கண் காட்டிவிடும். எனக்கு ஹேமர்ஃபெல் என்று தோன்றக் காரணம் வேறு. ஸ்கைரிமில் பெதெஸ்டாவே எழுதி, முடிக்காமல் விட்ட கதைகளில் மிகப் பெரியது அந்த நாட்டினுடையது.

மற்ற நாடுகள்? சம்மர்செட்டை 2018இலும் எல்ஸ்வேரை 2019இலும் தொடரின் இணைய ஆட்டமான எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் விரிவாகக் காட்டிவிட்டது. அதனால் அவை வரவே வராது என்று சொல்ல முடியாது. முன்னோட்டத்தின் நிலம் அவற்றுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

லோரில், அதாவது ஆட்ட உலகத்தின் வரலாற்றில், எதை நம்புவது, எதை விடுவது?

இந்தத் தொடரை மற்ற கற்பனை உலகங்களிலிருந்து பிரித்துக் காட்டுவதே இந்தக் கேள்விதான். இங்கே வரலாற்றைச் சொல்லும் கதைசொல்லி கிடையாது. ஆட்டத்துக்குள் அலமாரிகளில் கிடக்கும் புத்தகங்கள்தான் வரலாறு. அவற்றை எழுதியவர்கள் அந்த உலகத்து மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, ஒரு சம்பளம் உண்டு. 1998இல் ரெட்கார்டு ஆட்டத்தோடு பெட்டியில் வந்த பேரரசு வழிகாட்டிக் கையேட்டைப் படித்தால் இது உடனே பிடிபடும். அது பேரரசின் குரல். மற்ற நாட்டு மக்களைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் மேலிருந்து கீழே பார்க்கும் தொனி.

ஆகவே என் முறை இது. பல பக்கத்தவர்களும் ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சி என்றால் நடந்தது என்று எடுத்துக்கொள்வேன். ஒருவர் மட்டும் சொன்னால் அவர் யார், யாருக்காக எழுதினார் என்று பார்ப்பேன். ஆட்டத்துக்கு வெளியே, முன்னாள் எழுத்தாளர் மைக்கேல் கர்க்பிரைட் போன்றவர்கள் எழுதியவற்றை ரசித்துப் படிப்பேன், ஆனால் அவற்றின்மேல் ஊகம் கட்டமாட்டேன். அடுத்த ஆட்டத்தை எழுதுபவர்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை.

ஹேமர்ஃபெல்லில் முடியாமல் நிற்கும் கதை என்ன?

இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஊகம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஸ்கைரிமில் ‘பெரும்போர்’ என்று ஒரு புத்தகம் கிடைக்கும். எழுதியவர் ஜஸ்டியானஸ் குயின்டியஸ், பேரரசின் படை அதிகாரி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான்காம் ஊழி 171ஆம் ஆண்டு. உயர் எல்ஃப்கள் என்ற நீண்ட ஆயுள் கொண்ட இனத்தின் ஆட்சிக்குழுவான தால்மோர் நடத்தும் ஆல்ட்மெரி டொமினியன், பேரரசர் இரண்டாம் டைட்டஸ் மீடிடம் ஒரு தூதரை அனுப்புகிறது. அவர் வண்டி நிறையத் தலைகளைக் கொண்டுவருகிறார். எல்ஃப் நாடுகளில் மறைந்திருந்த, பேரரசுக்காக வேலை செய்யும் பிளேட்ஸ் அமைப்பின் உளவாளிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் தலைகள். கோரிக்கைகளும் உண்டு: ஹேமர்ஃபெல்லில் பெரும் நிலப்பகுதியை விட்டுக்கொடு, பிளேட்ஸைக் கலைத்துவிடு, டாலோஸ் என்ற தெய்வத்தின் வழிபாட்டைத் தடைசெய். பேரரசர் மறுக்கிறார். போர் மூள்கிறது.

தெற்கு ஹேமர்ஃபெல் சீக்கிரமே விழுகிறது. ஹெகாதே நகரம் மட்டும் முற்றுகைக்குள் தாக்குப்பிடிக்கிறது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டு மக்களான ரெட்கார்டுகள் நெடுங்காலமாக இரண்டு பிரிவு. பழைய மரபைக் கைவிடாதவர்கள் கிரவுன்ஸ். அயலாரோடும் பேரரசோடும் ஒத்துப்போகத் தயாரானவர்கள் ஃபோர்பேர்ஸ். ஹெகாதே கிரவுன்ஸ் நகரம். 173இல் அதன் முற்றுகையை உடைத்தது செண்டினல் நகரிலிருந்து வந்த ஃபோர்பேர்ஸ் படை. தலைமுறை தலைமுறையாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள் அந்த வாசலில் சமரசமாகிறார்கள். புத்தகத்தில் இதற்கு ஒன்றிரண்டு வரிகள்தான். எனக்கு மொத்தப் புத்தகத்திலும் மிகவும் பிடித்த இடம் அது.

எதிரிப் படை அல்க்கிர் பாலைவனத்தைக் கடந்து வந்து, ஸ்காவென் அருகே ஜெனரல் டெசியானஸின் பேரரசுப் படையோடு மோதுகிறது. யாருக்கும் வெற்றியில்லை. பிறகு டெசியானஸுக்குத் தலைநகரைக் காக்க வரும்படி ஆணை வருகிறது. ஹேமர்ஃபெல்லைத் தனியே விட்டுப்போக அவருக்கு மனமில்லை. அணிவகுப்புக்குத் தகுதியற்றவர்கள் என்று எழுதி ஏராளமான வீரர்களைச் சேவையிலிருந்து விடுவித்து அங்கேயே விட்டுச் செல்கிறார். எதிரியைப் பாலைவனத்துக்கு அப்பால் துரத்திய படைக்கு அவர்கள்தான் முதுகெலும்பு.

175இல் பேரரசர் தலைநகரை மீட்கிறார். மீட்ட கையோடு வெள்ளைத்தங்க உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறார். நிபந்தனைகள் ஏறக்குறைய அன்று தூதர் கொண்டுவந்தவையேதான். தெற்கு ஹேமர்ஃபெல் எதிரிக்கு! ரெட்கார்டுகள் ஒப்புக்கொள்ளவில்லை. அமைதியைக் காப்பாற்ற வேண்டி, ஹேமர்ஃபெல் இனி பேரரசின் மாநிலம் இல்லை என்று பேரரசரே அறிவிக்கிறார். அவர்கள் தனியாக இன்னும் ஐந்தாண்டு சண்டை போட்டு, 180இல் இரண்டாம் ஸ்ட்ரோஸ் ம்காய் ஒப்பந்தத்தோடு எதிரியை வெளியேற்றுகிறார்கள். தெற்கு முழுவதும் நாசம்.

ஸ்கைரிம் நடப்பது 201ஆம் ஆண்டில். அந்த ஒப்பந்தத்துக்குப் பின் ஹேமர்ஃபெல்லுக்குள் என்ன நடந்தது என்று எந்த ஆட்டமும் முழுதாகக் காட்டவில்லை.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் இதை வேறு மாதிரி படிப்பார்களா?

நான் அப்படித்தான் படிக்கிறேன். கேட்டு வாங்காத விடுதலை எப்படி இருக்கும் என்று 1965 ஆகஸ்ட் 9ஐப் பாடப்புத்தகத்தில் படித்து, தாத்தா பாட்டி வாயாலும் கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரிந்த இரண்டே ஆண்டில், 1967இல், தேசியச் சேவை வந்தது. 1968இல் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னது. பெரிய படை போய்விட்டால் நம் பிள்ளைகள்தான் நிற்க வேண்டும் என்ற கணக்கு இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். டெசியானஸ் விட்டுச் சென்ற வீரர்களைப் பற்றிய வரிகளை நான் வேகமாகக் கடந்துபோக முடியாததற்கு இதுதான் காரணம்.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஹேமர்ஃபெல்லில் எதிரி நாட்டுக்குள்ளேயே இருந்தான், ஐந்தாண்டு ரத்தம் சிந்தினார்கள். நம் கதை அப்படி இல்லை. ஆனால் பிரிவுக்குப் பின் முதல் இருபது ஆண்டில் ஒரு நாடு தன்னை எப்படிக் கட்டிக்கொள்கிறது, யாரை நம்புகிறது, பழைய மனஸ்தாபங்களை என்ன செய்கிறது என்பது நமக்கு நெருக்கமான கேள்வி. ஆறாவது ஆட்டம் அதைத் தொட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அப்போ தால்மோர்தானே வில்லன்?

வெளியில் இருக்கும் எதிரி அவர்களாக இருக்கலாம். மையச் சிக்கல் உள்ளே இருக்கும் என்பது என் ஊகம். ஹெகாதே வாசலில் வந்த சமரசம் போர்க்காலச் சமரசம். இருபது ஆண்டு அமைதியை அது தாங்குமா? நாசமான தெற்கை மீண்டும் கட்டும் செலவு யாருடையது? போரில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள்?

கடைசிக் கேள்வியை நான் கற்பனையாகக் கேட்கவில்லை. ஸ்கைரிமில் வைட்ரன் நகர விடுதியில் சாடியா என்ற ரெட்கார்டு பெண் வேலை செய்கிறாள். அல்க்கிர் வீரர்கள் அவளைத் தேடி வருகிறார்கள். டொமினியனை எதிர்த்துப் பேசியதற்காகத் துரத்துகிறார்கள் என்கிறாள் அவள். வீரர்களின் தலைவன் கெமாட்டு தலைகீழாகச் சொல்கிறான்: டானெத் நகரத்தை டொமினியனுக்கு விற்றவளே அவள்தான் என்று. யார் சொல்வது உண்மை என்று ஆட்டம் சொல்வதே இல்லை. போர் முடிந்து 21 ஆண்டு கழித்தும் துரோகிகளைத் தேடி அயல்நாட்டுக்கு ஆள் அனுப்புகிறது அந்த மண். நல்லவன் கெட்டவன் என்று கோடு போட்ட கதையைவிட ஆழமான விதை இது. பெதெஸ்டா இதை முளைக்க விடும் என்று நம்புகிறேன்.

தால்மோர் உலகத்தையே கலைத்துவிடப் பார்க்கிறார்களாமே? கோபுரங்கள் கதை?

உலகத்தைச் சில கோபுரங்கள் தாங்குகின்றன, அவற்றை ஒவ்வொன்றாக வீழ்த்தினால் படைப்பே அழியும் என்பது ரசிகர்களிடையே பிரபலமான கோட்பாடு. கோபுரங்கள் பற்றிய பேச்சு ஆட்டங்களில் உண்டு. தால்மோரின் இறுதி நோக்கம் அதுதான் என்ற பகுதி பெரும்பாலும் வெளி எழுத்துகளிலிருந்து வருவது. எனவே குறைவாகவே நம்புகிறேன். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது: கோபுரங்களில் மிகப் பழையதான அடமன்டைன் கோபுரம் இலியாக் விரிகுடாவின் பால்ஃபியரா தீவில், ஹை ராக்குக்கும் ஹேமர்ஃபெல்லுக்கும் நடுவே நிற்கிறது. வரைபடம் விரிகுடாவின் இரு கரையையும் தொட்டால் அந்தத் தீவை விட்டுவைக்க மாட்டார்கள்.

ஸ்கைரிமில் நான் எடுத்த முடிவு என்னவாகும்? புயல்வீரர்கள் ஜெயித்தார்களா, பேரரசா?

ஸ்கைரிமின் உள்நாட்டுப் போரில் கிளர்ச்சிக்காரர்களான புயல்வீரர்கள் பக்கமா, பேரரசின் பக்கமா என்பதை ஆடுபவரே முடிவெடுப்பார். பெதெஸ்டாவின் பழைய பழக்கத்தைப் பாருங்கள். 1996இல் வந்த டேகர்ஃபால் ஆட்டத்துக்குப் பல முடிவுகள். எது நடந்தது என்று தேர்ந்தெடுக்க அவர்களுக்கு மனமில்லை. காலமே உடைந்து எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்தன என்று பின்னால் வந்த ஆட்டங்களில் எழுதிவிட்டார்கள். துணிச்சலான தீர்வுதான், ஆனால் இரண்டாம் முறை செய்தால் சலித்துவிடும். தொடரின் மூன்றாம், நான்காம் ஆட்டங்களான மார்ரோவிண்டுக்கும் ஆப்லிவியனுக்கும் நடுவே கதைக்காலத்தில் ஆறே ஆண்டு. ஆப்லிவியனுக்கும் ஸ்கைரிமுக்கும் நடுவே 200 ஆண்டு. நீண்ட இடைவெளி விட்டால் பழைய முடிவுகள் மங்கிவிடும்.

எனக்கு அது வேண்டாம். நூறாண்டு தள்ளிப் போட்டால் போரைக் கண்ணால் பார்த்த மனிதர்கள் எல்லாரும் செத்துப்போவார்கள்; எல்ஃப்கள் மட்டும் மிஞ்சுவார்கள். ஹெகாதேயில் காவல் நின்ற ஒரு கிழவியிடம் நேரில் கேட்கும் வாய்ப்பு போய்விடும். சில ஆண்டு இடைவெளி போதும். வடக்கே நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி ஹேமர்ஃபெல் கடைத்தெருவில் ஆளுக்கொரு விதமாகப் பேசட்டும். தூரத்துச் செய்தி எப்போதும் அப்படித்தான் வந்து சேரும்.

ஸ்கைரிமில் டிராகன் முழக்கம் என்ற தனிச்சக்தி இருந்தது. இதில் என்ன?

வாள்பாடகர்கள். ரெட்கார்டு மரபில் மிக உயர்ந்த பயிற்சி பெற்றவர்கள் இரும்பு இல்லாமல், தங்கள் ஆன்மாவிலிருந்தே ஒரு வாளை வரவழைப்பார்கள். அதற்கு ஷெஹாய் என்று பெயர். ஃப்ரண்டார் ஹண்டிங் என்ற பெருவீரனைப் பற்றி ஆட்டத்துக்குள்ளேயே நூல் உண்டு. முழக்கத்தைப் போலவே இதுவும் தவம் போல் கற்க வேண்டிய, ஏறக்குறைய மறைந்துபோன கலை. ஆட்டத்தின் தனிச்சக்தியாக இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ரெட்கார்டுகளுக்கு மந்திரத்தின்மேல் பொதுவாக நம்பிக்கை குறைவு. செத்தவர்களை எழுப்பும் வித்தையை அருவருப்பார்கள். முன்னோரின் உடலைத் தொடுவதே பாவம் என்பதால், எழுந்து வரும் பிணங்களை எதிர்க்க ஆஷ்’அபா என்ற குலம் அந்தப் பாவத்தைத் தன்மேல் சுமந்துகொள்கிறது. காக்கும் அவர்களையே மற்றவர்கள் ஊருக்குள் சேர்ப்பதில்லை. இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் நம் ஊர்ச் சுடுகாட்டுத் தொழிலாளர்களை நாம் நடத்திய விதம் நினைவுக்கு வராமல் போகாது. ஆறாவது ஆட்டத்தில் அந்தக் குலத்துக்கு ஒரு முழுக் கதை தர வேண்டும்.

யோகுடா என்று ஒரு நிலம் மூழ்கியதாமே?

ஆமாம். ரெட்கார்டுகளின் பூர்விகம் மேற்கே இருந்த யோகுடா. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டது. முதலாம் ஊழி 808இல் ரா கடா என்னும் போர்வீரர் அலை ஹேமர்ஃபெல் கரையில் இறங்கியது. கடல்கொண்ட தெற்கு நிலத்தைப் பற்றிய நினைவை இலக்கியத்தில் சுமக்கும் நமக்கு இந்த வருத்தம் புதிதில்லை. ஆனால் கதையின் மறுபாதியையும் பார்க்க வேண்டும்: அவர்கள் இறங்கிய கரை காலியாக இருக்கவில்லை. அங்கே இருந்தவர்களை வாளால் விலக்கித்தான் குடியேறினார்கள். கப்பலில் போய் மிச்சமிருக்கும் யோகுடாவைக் காணும் விரிவாக்கம் பின்னாளில் வரலாம்.

டுவெமர் இடிபாடுகள் இருக்குமா?

கண்டிப்பாக. டுவெமர் என்பது மறைந்துபோன பண்டைய இனம். அவர்களில் ரோர்கென் குலத் தலைவன் எறிந்த சுத்தியல் ஹேமர்ஃபெல்லில் விழுந்த இடத்தில்தான் அவர்கள் வோலன்ஃபெல் நகரைக் கட்டினார்கள். அந்தச் சுத்தியல், வோலன்ட்ரங், ஸ்கைரிமிலேயே கிடைக்கும்.

பெயர் ‘ரெட்ஃபால்’ என்றார்களே?

2018 செப்டம்பரில் அந்தப் பெயருக்கு வணிகக்குறி விண்ணப்பம் போனது உண்மை. ரெட்கார்டு, ஹேமர்ஃபெல் என்று ரசிகர்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். 2023 மே மாதம் அந்தப் பெயரில் வந்தது ரத்தக்காட்டேரிகளைச் சுடும், முற்றிலும் வேறொரு ஆட்டம். ஆவணம் உண்மையாக இருந்தும் முடிச்சு தவறு. யாராவது புதுக் கசிவு என்று அனுப்பினால் இதை நினைவில் வையுங்கள்.

அண்ணே, எப்பதான் வரும்?

தேதி அறிவிக்கவில்லை தம்பி. 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்தில் பெதெஸ்டாவை வாங்கிய மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர், குறைந்தது இன்னும் ஐந்தாண்டு ஆகும் என்ற பொருளில் சொன்னார். கூட்டினால் 2028. அதற்கு முன் எதிர்பார்க்க வேண்டாம். இதற்காக இப்போதே கணினி வாங்கவும் வேண்டாம். வரும்போது அந்தக் காசுக்கு நல்லதாகக் கிடைக்கும்.

என் மகனுக்கு 13 வயது. இதையெல்லாம் விளையாடலாமா?

பெற்றோர் கேட்பதால் சேர்த்தேன். இங்கே விளையாட்டுகளைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தரப்படுத்துகிறது. எம்18 என்றால் 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது. ஏடிவி16 என்றால் 16க்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது என்ற ஆலோசனை. ஸ்கைரிமுக்கு அமெரிக்கத் தரம் 17 வயதுக்கு மேல். தலை வெட்டும் காட்சியோடுதான் அது தொடங்குகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் தரமாட்டேன். லோர் புத்தகங்களில் மென்மையானவற்றைத் தேர்ந்து சேர்ந்து படிக்கலாம்.

நானும் ஊகம் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

ஸ்கைரிம் இருந்தால் முதலில் வைட்ரன் போய்ச் சாடியாவிடமும் கெமாட்டுவிடமும் பேசுங்கள். இருவர் சொல்வதையும் முழுக்கக் கேட்ட பிறகே முடிவெடுங்கள். அப்புறம் ‘பெரும்போர்’. ஆட்டத்துக்குள் தேட நேரமில்லாதவர்களுக்கு, 1995 முதல் ரசிகர்கள் நடத்தும் யூஇஎஸ்பி தளத்தில் எல்லாப் புத்தகங்களும் ஆட்டம் வாரியாக உள்ளன.

பழைய ஆட்டங்களில் அரீனாவும் டேகர்ஃபாலும் ஸ்டீம் இணையக் கடையில் இலவசம். டேகர்ஃபாலில் இலியாக் விரிகுடாவையும் வடக்கு ஹேமர்ஃபெல்லையும் நீங்களே சுற்றலாம். வரைகலை பழையது, பொறுமை வேண்டும். 1998இன் ரெட்கார்டு காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஆனால் ஸ்ட்ரோஸ் ம்காய் தீவில் பேரரசை எதிர்த்து எழுந்த சைரஸின் கதை அதில்தான் இருக்கிறது. ஹேமர்ஃபெல் மக்கள் பேரரசை எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று இல்லை. சரியாக ஓடாவிட்டால் கேளுங்கள், அமைப்புகளைச் சேர்ந்து பார்ப்போம்.